தோள் அளவு

பழைய சட்டைதான் கொண்டுவந்தார்.
பூச்சி உருண்டை மணம்.
கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் என் கடை,
விலை விசாரிக்காமல் ஒருவரும் துணி தருவதில்லை.
அவரும் விசாரித்தார்.

"கையில் ரெண்டு கோடு இருக்குது, அது கழற்ற வேணும்.
தோளில் ஒரு நட்சத்திரம்.
வெள்ளிக்கிழமைக்கு முதல்.
கேம்ப் டெய்லர் லீவு, அக்கா."

கோப்ரல் திலகசிறி.
முகம் உப்பிவிட்டது, மீசையும் இல்லை.
அந்த 'அக்கா'வை வைத்துத்தான் பிடித்தேன்.

பன்னிரண்டு வருஷம் முடித்து
விலகி உகனைக்குப் போனாராம்.
மூன்று போகம் செய்தாராம், ரெண்டை யானை தின்றதாம்.
மறுகா ஒரு கடிதம்:
பழைய ஆட்களில் படிக்கக்கூடியவர்களை
ஒஃபிசராக எடுக்கிறார்கள்.
"சோதனை எழுதினது அக்கா.
ரெண்டு தரம் ஃபெயில், மூன்றாம் தரம் பாஸ்."
மூன்று விரலையும் நீட்டிக் காட்டினார்,
பாலர் வகுப்புப் பிள்ளை போல.
நல்லது என்றேன்.
நல்லதுதானே.

நாடாவை வைத்தேன். பதினெட்டே கால்.

சோதனை.
எங்கள் ஊரில் எழுதுவதற்கும் அந்தச் சொல்தான்,
பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கி
கையை உயர்த்தி நிற்பதற்கும் அந்தச் சொல்தான்.
என் தம்பி நேசனுக்கு ஒரே நாளில் இரண்டும் வந்தது.

எட்டரைக்குப் பௌதிகவியல்.
ஏழு மணிக்குப் பாலம்.
பைக்குள் நாலு டோர்ச் பற்றரி,
கரண்ட் இல்லாத வருஷம், அதில்தான் படித்தான்.
மணல் மூடை ஓரம் குந்த வைத்தார்கள்.
அனுமதி அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
சுட்டெண்ணைக் காட்டினேன், நேரத்தைக் காட்டினேன்.
கோப்ரல் அதை வாங்கித்
தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.
"நான் என்ன செய்ய, அக்கா. சேர் சொன்னது."
சேர் எங்கே?
"சேர் டவுனுக்குப் போனது."

ரெண்டு மணிக்குச் சேர் வந்தார்,
பற்றரியை உருட்டிப் பார்த்தார், போகச் சொன்னார்.
அடி இல்லை, ஏச்சு இல்லை.
பக்கத்து வீடுகளில் நடந்ததோடு வைத்துப் பார்த்தால்
இதைச் சொல்லவும் வெட்கம்.
இந்தக் கோப்ரல்தான் இடையில் தன் போத்தலை நீட்டினவர்.
அதையும் சொல்லத்தான் வேணும்.

நேசன் தோஹாவில் லிஃப்ட் திருத்துகிறான்.
இரண்டாம் தரம் எழுதவே இல்லை.

பிளேடால் நூலை அறுத்தேன்.
கோடு கழன்று மேசையில் விழுந்தது,
விழுந்த பிறகும் கையில் கோடு இருந்தது.
சுற்றிவரத் துணி வெயிலில் வெளிறியிருக்க,
அதன் அடியில் மட்டும்
வாங்கின அன்றைய பச்சை.
"இது போகாது, சேர்" என்றேன்.

சேர்.
என் வாயில் வந்ததை நானே கேட்டேன்.
அவரும் கேட்டார், கொஞ்சம் நிமிர்ந்தார்.
"கழுவினால்?"
"கழுவினால் இல்லை. வெயிலில் கிடந்து கிடந்து
ஒருநாள் ஒத்துப்போகும்."

கேட்க ஒன்று இருந்தது.
இனி ஒருத்தி அட்டையோடு ஓடிவந்தால்
யார் சொன்னது என்பீர்கள்?
குண்டூசி பல்லிடையில் இருந்தது.
எடுத்துக் கொலரில் குத்திவிட்டு,
"கழுத்து இறுக்குதா?" என்றேன்.

வியாழன் பின்னேரம், நல்ல மழை.
ஒரு பொடியன் வந்தான்.
கையில் ஒரு கோடும் இல்லை,
தொப்பியிலிருந்து தண்ணி ஒழுகுது.
"திலகசிறி சேர்ர சட்டை.
எடுத்துக்கொண்டு வரச் சொன்னவர்."
சுத்தமான நம்மட தமிழ். நிமிர்ந்து பார்த்தேன்.
"எந்த ஊர் தம்பி?"
"கிரான் பக்கம்."
பொலித்தீனில் சுற்றிக் கொடுத்தேன்.
"காசு?"
"அதைப் பத்திச் சேர் ஒண்டும் சொல்லல்ல, அக்கா."

சைக்கிளில் ஏறுமுன்
சட்டையைத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டான், நனையாமல்.
பதினாறரை இருக்கும் அவன் தோள்.
நாடா வேண்டாம்,
கண்ணாலேயே தெரியும் எனக்கு.