சாயம் போகாது, சுருங்காது

நைட் டூட்டி முடித்து ஹைகிரவுண்டில் பஸ் ஏறி
வண்ணார்பேட்டையில் இறங்கினேன்.
கையில் தங்கச்சி கெத்சியாள் எழுதித் தந்த சீட்டு:
நைட்டி மூணு, துண்டு ஆறு, ஜன்னலுக்குத் திரை,
பயலுக்கு யூனிபாரம், அவருக்குச் சட்டை.
மகாராஜநகரில் புது வீடு, மாடிப் போர்ஷன்.
ஒவ்வொன்றுக்கும் நிறம் எழுதியிருந்தாள்.
என்ன துணி என்று எழுதவில்லை.

"பியூர் காட்டன்க்கா" என்றான்
சட்டைப் பையில் சங்கிலிபூதம் என்று பெயர் தைத்த பையன்.
விரித்த நைட்டி மேஜையில் வழுக்கிக்கொண்டே போனது.
பருத்தி அப்படி ஓடாது,
கசங்கி உட்கார்ந்துகொண்டு
நம்மைக் கொஞ்சம் முறைக்கும்.

"ஒரு நூல் உருவித் தா."
"எதுக்கு?"
"கொளுத்திப் பாக்க."
முதலாளி கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.
"ஏம்மா, இது துணிக்கடையா சுடுகாடா?"

எதிர்த்த டீக்கடையில் தீப்பெட்டி கேட்டு வாங்கினேன்.
நூல் எரியும் முன்னே பயந்ததுபோல் பின்வாங்கியது,
சுருண்டது, சொட்டியது.
நுனியில் கடுகளவு மணி. கறுப்பு. கெட்டி.

அந்த மணியைப் பதினோரு வருஷமாக
இடுக்கியால் பொறுக்குகிறேன்.
தோசை வார்க்கப் போன களக்காட்டுப் பொண்ணு ஒருத்தி கேட்டாள்:
"சிஸ்டர், சேலைய எடுத்தாச்சா?"
எடுப்பதற்கு
அது சேலையாக இல்லை.

திரும்பிப் போய் நைட்டி மூன்றும் மாற்றினேன்.
பருத்தி எரியாது என்று யார் சொன்னது?
விறுவிறுவென்று எரியும்.
ஆனால் காகிதம்போலச் சாம்பலாகும்,
உருகி ஒட்டாது.
தொங்கும் ஃபிரில், அகலக் கை இரண்டும் வேண்டாம்.

துண்டும் பருத்திதான்.
முதல் நாலு சலவை வரை தண்ணியைத் தள்ளிவிடும்,
பசை போன பிறகே குடிக்கப் பழகும்;
கெத்சியாள் அதுவரை என்னைத் திட்டட்டும்.

திரைக்குப் பாலியெஸ்டர்.
மேற்கு ஜன்னல், சித்திரை வெயில்,
பருத்தியென்றால் ரெண்டு வருஷத்தில் விரலோடு கிழிந்து வரும்.
அடுப்பங்கரை ஜன்னலுக்கு மட்டும் திரையே கிடையாது,
பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போகட்டும்.

யூனிபாரம் கலப்பு.
ஐப்பசியில் மூணு நாள் கொடியில் கிடந்து
நாற்றம் பிடிக்கிற சட்டையோடு
எந்தப் பயல் பள்ளிக்கூடம் போவான்?

மாப்பிள்ளைக்குப் பேட்டையில் வெல்டிங் பட்டறை.
பொறி பறக்கும் இடம். கனத்த காக்கி, முழுக்கை.
சீட்டில் "பளபள நீலம்" என்றிருந்தது.
அடித்தேன்.

"கம்பளி ஆஃபர்ல இருக்குக்கா."
திருநெல்வேலியில் அதை ஆடே கழற்றிப் போடும், தம்பி.
"அப்ப பட்டு?"
பட்டு நூல் கொளுத்தினால் முடி கருகும் வாசம்.
அந்த வாசத்திலிருந்துதான் இப்போது வருகிறேன்.
இதை அவனிடம் சொல்லவில்லை.

பில் போடும்போதுதான் பார்த்தேன்:
பொம்மை மேல், நாவல்பழ நிறத்தில்,
விளக்கு பட்ட இடமெல்லாம் நனைந்ததுபோல ஒரு சேலை.
சங்கிலிபூதம் தானாகவே ஒரு நூலை உருவி நீட்டினான்,
சிரிக்காமல்.
"வேண்டாம், தெரியும்" என்றேன். "கட்டு."

இஸ்திரி கேட்காது. பஸ்ஸில் கசங்காது.
நாற்பத்திரண்டு வயசில் எனக்கென்று எடுத்த
முதல் பளபளப்பு.

முருகன்குறிச்சி தாண்டும்போது ஞாபகம் வந்தது:
கிறிஸ்மஸ் விடியக்காலை ஆராதனை.
கோயில் முழுக்க ஆளுக்கொரு மெழுகுவர்த்தி,
பின்பெஞ்சுப் பிள்ளைகள் அதைச் சாய்த்துச் சாய்த்து
மெழுகு சொட்டவிட்டு விளையாடும்.

சரி, அன்றைக்குப் பழைய சுங்குடி.

சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன்,
நெருப்பு இல்லாத இடங்கள்:
பஸ். பாங்க். தபாலாபீஸ்.
கல்யாண வீடு, ஆக்குப்பிறைப் பக்கம் போகாமல்.
குறுக்குத்துறைப் படிக்கட்டு,
ஆற்றில் தண்ணீர் போகிற நாள்.