ஆறும் தவளை

பாலத்தைத் தாண்டிப் போய்
குவாலேகுவாய்ச்சூவில் வாங்கினேன்.
திரும்பும்போது சுங்கச்சாவடியில் ஒருவர்
இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பார்த்தார்.
உள்ளே என்ன?
பஞ்சு.
இந்தப் பைகளில்?
இன்னும் ஒன்றும் இல்லை.
சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

பூசணி அளவுக்கு ஒரு பகடை.
பக்கத்துக்கு ஒரு கண்ணாடித்தாள் பை.
எழுதிய அட்டையைச் செருகிவிட்டால்
அன்றைக்கு அதுதான் விதி.
திங்கட்கிழமை, நாக்கு உருளாத பிள்ளைகளுக்கு
பெர்ரோ, தோர்ரே, தியெர்ரா.
புதன்கிழமை, விரல் மடங்காத பெனிக்னாவுக்குப்
பொத்தான், ஜிப்பு, முடிச்சு.
வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு
உலிசெஸ்.

அவனுக்கு ஏழு வயது.
அப்பா மரக்கட்டை லாரி ஓட்டுகிறார்;
வருவார், அல்லது வரமாட்டார்.
அம்மாவுக்குக் கூழ் ஆலையில் ஷிப்ட்.
பகலா இரவா என்பது ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் தெரியும்.
அந்த வாரம் அவன் யார் வீட்டில் தூங்குவான் என்பதும்
அப்போதுதான்.

அவனுக்காக வட்ட வட்டமாக முகங்கள் வரைந்தேன்:
மகிழ்ச்சி, பயம், கோபம், வெட்கம், துக்கம்.
ஆறாவது எனக்கே பெயர் தெரியாத ஒன்று,
வாய் கோணிப் போய்விட்டது.
உருட்டு. எது விழுகிறதோ
அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்.
உருட்டினான்.
ஐந்து வாரம் உருட்டினான்.
முகங்கள் விழுந்தன. வாக்கியம் விழவில்லை.

ஆறாம் வாரம்
மாத்தேவுக்கு வெந்நீர் பிடித்து வருவதற்குள்
என் முகங்கள் எல்லாம்
மேசையில் கவிழ்ந்து கிடந்தன.
உருட்டினான்.
தவளை.
பச்சைப் பென்சிலில், ஐந்து கால் உள்ள தவளை.
விரலை என் பக்கம் நீட்டினான்.
குதித்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது,
முட்டி சத்தம் போட்டது.
மறுபடி உருட்டினான். தவளை.
மறுபடி.
நாலாவது தடவைதான் எனக்கு உறைத்தது.
எடுத்துப் புரட்டினேன்:
ஆறு பக்கமும் தவளை.

இது ஆட்டமே இல்லை,
எது விழும் என்று தெரியாதபோதுதான் பகடை பகடை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவன் பகடையைப் பார்க்கவில்லை.
அது உருண்டு நிற்பதற்கு முன்பே
என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்,
தோள் தளர்ந்து,
சாவி தன் பையில் இருக்கிற வீட்டுக்குப் போகிறவன் மாதிரி.

குதித்தேன்.

குளிர்காலம் முழுக்கக் குதித்தேன்.
சன்னலுக்கு வெளியே ஆறு. கைக்குள் ஆறு.
ஆற வேண்டியது எப்போது ஆறும் என்று
படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது;
அதை நான் நிரப்பவில்லை.
ஓரத்தில் எழுதியது இவ்வளவுதான்:
இன்று பதினொரு தடவை சிரித்தான்.
முட்டிக்குக் களிம்பு.

மேற்பார்வைக்கு வந்த ஓதில்தே அம்மையார்
பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
இதன் கற்றல் நோக்கம் என்ன என்று கேட்டார்.
உலிசெஸ் அவர் பக்கம் அதை உருட்டிவிட்டான்.
தவளை.
அவர் குதிக்கவில்லை.
கைப்பையை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளி.
காற்று திரும்பி, ஆலையின்
வெந்த முட்டைக்கோசு வாடை அறைக்குள் நிற்கிறது.
ஒரு தவளையை உருவி எடுத்தான்.
அந்தப் பையில் வேறு எதையும் வைக்கவில்லை.
ஏன் என்று கேட்க நாக்கு துடித்தது;
மாத்தேவை உறிஞ்சி அதை அடக்கினேன்.
தவளை.
தவளை.
மூன்றாவது உருட்டலில்
அலமாரிக்கு அடியில் ஓடிப் போய்விட்டது.

இரண்டு பேரும் தரை ஓட்டில் கன்னத்தை வைத்துப் பார்த்தோம்.
தூசிக்கு நடுவில், மேல்முகமாக,
வெறும் கண்ணாடித்தாள்.
அதில் சன்னல் கொஞ்சம் தெரிந்தது.

இப்போது என்ன செய்வது, என்றேன்.
வெகுநேரம் யோசித்தான்.
தெரியல, என்றான்.

படிவத்தில் அதை
ஒரு முழு வாக்கியமாகத்தான் எழுதினேன்.
அதற்கு முன்னால்
துடைப்பத்தைத் தேட வேண்டியிருந்தது.