உறையக் கூடாதவை

பனியில் உறைந்த ரத்தம்
பொய் சொல்லும் என்று
பெத்தேல் ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்திருந்தார்கள்.
ஆகவே பதினாறு குழாய்களையும்
தோல் அங்கிக்குள் மார்போடு அணைத்தபடி
விமானத்துக்குக் காத்து நிற்பேன்,
மார்ச் மாதத்து குஸ்கோக்விம் ஆற்றின் மேல்.
ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.
எங்கள் ஊரில் அந்தக் கிருமியைச் சுமந்தவர்கள்
பதினாறு பேர்.
அதில் ஏழு பேருக்குப் பால்பல்லே
முழுதாக விழவில்லை.

குக்யுக், ஒன்பதாம் குழாய்.
அன்னம் என்று பொருள் அந்தப் பெயருக்கு.
பத்து வயது.
ஊசிக்கு முகம் திருப்பமாட்டான்,
குழாய் நிறைவதை எட்டிப் பார்த்து
"இவ்வளவுதானா?" என்பான்.
கண் மஞ்சளிக்கவில்லை. வயிறு வலிக்கவில்லை.
முந்தின வாரம்தான்
நாய்வண்டிப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்திருந்தான்.

முடிவு வானொலியில் வந்தது.
ஊரே அதே அலைவரிசையில்
தேநீரை ஆறவிட்டுக் காது வைத்திருக்கும்,
யாருக்குப் பேறுகாலம், யாருக்குப் பல்வலி என்று.
மருத்துவர் பெயர் சொல்லவில்லை.
"ஒன்பதாம் குழாய்.
பத்துக்குள் நிற்கவேண்டியது
நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது.
அடுத்த விமானத்தில் அனுப்பு."

அன்று இரவு
கிருமி இருந்த ஒரு வீட்டிலும் விளக்கு அணையவில்லை.
ஒன்பது யாரென்று
எனக்கு மட்டும்தான் தெரியும் என நினைத்திருந்தேன்.

அகாஃபியா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.
பனியில் துளையிட்டுப் பிடித்தது,
தாடையில் ஒற்றை மீசையும்
வயிறு நிறைய ஈரலுமாக ஒரு மீன்.
பிறைக்கத்தியால் ஒரே கீறல்.
ஈரலை விளக்குக்கு நேரே பிடித்தாள்.
பால்நிறம் என்றால் சட்டிக்கு.
புள்ளி இருந்தால் வெளியே.

நான் வாய் திறக்குமுன்
"என்னுடையது எட்டு," என்றாள்.
"எனக்குப் பிறகு கை நீட்டியவன் அவன்தானே."

கத்தியைத் துடைத்தாள்.
துடைத்த கத்தியை மறுபடி துடைத்தாள்.
"அவனுக்கு எங்கேயும் வலிக்கவில்லையே."
ஈரல் கடைசியில்தான் பேசும், அக்கா.
"இதுபோல் எடுத்துக் காட்டச் சொல்.
நிறத்தை நான் சொல்லிவிடுவேன்."

ஆஸ்பத்திரித் தாளை எங்கள் பேச்சில் வாசித்துக் காட்டினேன்.
ஒரு வரியைத் தாவினேன்.
சரியாக அங்கே வந்து நின்றது
செதில் ஒட்டிய அவள் விரல்.
"இது என்ன?"
பிரசவத்தின்போது தாயிடமிருந்து, என்று இருந்தது.
தேதி, என்றேன்.

ஆங்கரேஜில் வெட்டினார்கள்.
பாதி ஈரலோடு வந்து
மே மாதத்து அன்னங்களைப் பார்த்தான்.
மஞ்சள் பெர்ரி பழுத்த வாரத்தில்,
ஊரில் எல்லோருடைய விரலும் ஒட்டிக்கொண்டிருந்தபோது,
போனான்.

எங்களிடத்தில் செத்தவர் பெயரை
வெகுநாள் வெளியே நிற்கவிடுவதில்லை.

அக்டோபரில் ஒலிங்காவுக்குப் பெண் பிறந்தது,
விமானத்துக்கு முந்திக்கொண்டு.
ஒலிங்கா பதினோராம் குழாய்.
புது மருந்து அந்தக் காலத்தில்தான் வந்திருந்தது;
பிறந்த கையோடு தொடையில் போடவேண்டும்.
அதுவும் உறையக் கூடாதாம்.
குழாய்கள் போன அதே அங்கிக்குள்
அதைக் கொண்டுவந்தேன்.

அகாஃபியா விரல்நுனியில் நீர் தொட்டு
குழந்தையின் வாயில் வைத்து
"குக்யுக்" என்று கூப்பிட்டாள்.
"வந்துவிட்டாயா மகனே" என்றாள்,
அந்தப் பெண்குழந்தையை.

ஊசி இறங்கியதும்
வீறிட்டது பிள்ளை.

அகாஃபியா என்னை நிமிர்ந்து பார்த்தாள்,
நான் ஏதோ தப்பாகச் செய்ததுபோல.
"இவன் ஊசிக்கு அழமாட்டானே."