ஆழம் பார்க்கும் குச்சி

லமாரா, அதைக் கீழே வை.
நாலு மாடி இறக்கிக் குப்பையில் போட
அது என்ன குற்றம் செய்தது?

"இந்தக் கணினி இனித் தகுதியற்றது" என்று
நீலப் பெட்டி ஒன்று திரையில் சொன்னதாம்.
நேற்று இரவுவரை
உன் தையல்கடைக் கணக்கையும்
போலந்தில் லாரி ஓட்டும் மகன் முகத்தையும்
கொண்டுவந்து கொடுத்த கணினி.
தகுதி போனது இதற்கா,
பொறுமை போனது விற்றவனுக்கா?

எனக்கு இதில் கமிஷன் கிடையாது.
சும்மா வருவது சும்மாதான் இருக்கும் என்கிறாய்.
துணி வாங்கும்போது
உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பாயே,
இதையும் அப்படித் திருப்பிப் பார்க்கலாம்.
உனக்குப் புரியாது. எனக்கும் பாதிதான்.
ஆனால் திருப்பிப் பார்க்கிறவர்கள்
எங்கோ இருக்கிறார்கள் என்பதே
தைக்கிறவனை ஒழுங்காகத் தைக்க வைக்கும்.

ஆழம் தெரியாமல் காலை விட மாட்டாய்.
விடாதே.
ஆழம் பார்க்கத்தான் இந்தக் குச்சி,
கட்டைவிரல் நீளம்.
செருகித் திற. ஒரு மாலை உலாவு.
பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடு.
உன் பழைய வீட்டில்
ஒரு நாற்காலிகூட நகர்ந்திருக்காது.

பொய் சொல்ல மாட்டேன்:
பிரிண்டர் ஒரு வாரம் முறைத்துக்கொள்ளும்.
கூப்பிடு, வருகிறேன். காபி போட்டு வை.

கீழ்த்தள ரொட்டிக்கடை ஜும்பெரைக் கேட்டுப் பார்.
"சீட்டாட்டம் இருக்கா?"
அது ஒன்றுதான் அவர் கேட்டது.
இருந்தது.
மறுநாள் மாவுக் கையோடு மேலே வந்தார்.
"கோப்பைக் காப்பாற்றவா என்று கேட்கிறதே,
எந்த வெள்ளத்திலிருந்து?"
யாரோ அவசரத்தில் ஜார்ஜிய மொழிக்கு மாற்றியது.
திருத்தலாம் என்றேன்.
"யார்?"
நீங்கள்தான்.
அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

'சேமி' என்று எழுதி அனுப்பினார்.
ஐந்து வாரம் கழித்துப் புதுப்பிப்பு வந்தது.
இன்று பதுமியிலோ பெர்லினிலோ
முகம் தெரியாத யாரோ
ஒரு ரொட்டிக்காரரின் சொல்லை அழுத்துகிறார்கள்.

போன செவ்வாய் குட்டாயிசி முழுக்க மின்சாரம் போனது.
ஒரு நாள் கணக்கு கரைந்தது அவருக்கு.
"காப்பாற்று என்றே விட்டிருக்கலாம்" என்றார்,
சிரித்துக்கொண்டுதான்.

சரி, நாற்காலியை இழு.
இந்த ஓட்டையில் செருகு.
இல்லை, திருப்பிச் செருகு.
முதல் தடவை
யாருக்குமே நுழையாது.