பராமரிப்பு நிலை

மாடிப்படிக்குக் கீழே
துடைப்பமும் வாளியும் வைக்கிற இடத்தில்
எங்கள் சர்வர்.
பக்கத்துத் தகடு கழன்று
பொத்தான் அறுந்த சட்டைபோல் நிற்கும்.
லியெபாயாவின் பழைய மரவீடுகள்
அளவுகளாக அதற்குள் குடியிருக்கின்றன:
எந்த உத்தரம் உளுத்தது, எந்த ஜன்னல் சாய்ந்தது,
எத்தனை பூச்சுக்கு அடியில் முதல் பச்சை.
பதினோரு பேர் அலுவலகம்.
சாவி என்னிடம் மட்டும்.

இன்றிரவு அப்டேட்.
மூன்று பதிப்பு பின்தங்கிவிட்டோம்.
ஒரே தாவாகத் தாவ விடாது;
ஒவ்வொரு படியிலும் நின்று
கால் ஊன்றியதா என்று பார்த்து
அடுத்ததற்குப் போகவேண்டும்.

பதினொன்றே முக்காலுக்கு பேக்கப் முடிந்தது.
வெளியே கடற்காற்று
தகரக் கூரையின் தளர்ந்த ஆணி ஒன்றை
விடாமல் விசாரித்துக்கொண்டிருந்தது.
கடையடைக்கிறவன்
உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று
ஒரு குரல் கொடுப்பதில்லையா,
அதற்காகத்தான் செயல்பாட்டுப் பட்டியலைத் திறந்தேன்.

விஸ்மா இருந்தாள்.

11:52 புதிய கோப்பு: வாடகை, இரண்டு அறை
12:06 பெயர் மாற்றம்: வாடகை, ஒரு அறை
12:31 புதிய கோப்பு: பள்ளி மாற்றம், மடாரா
12:33 திருத்தம்
12:34 திருத்தம்
12:41 திருத்தம்

எதையும் நான் திறக்கவில்லை.
சத்தியமாகத் திறக்கவில்லை.
ஆனால் உறை மேலே இருக்கிற விலாசத்தைப்
படிக்காமல் இருக்க
எந்தத் தபால்காரனால் முடியும்?

போன வாரம்தான் இல்க்வார்ஸ் கேட்டார்:
ராத்திரியில் யார் உள்ளே வருகிறார்கள்,
மாதக் கடைசியில் ஒரு பட்டியல் கொடு.
எதற்கு என்றேன்.
சும்மா, என்றார்.
அந்தச் சும்மாவுக்கு
ஒரு நாற்காலி காலியாகும் என்று
எங்கள் இருவருக்கும் தெரியும்.

1:17 நீக்கம்: கடற்கரை 2014, 612 படங்கள்
1:19 மீட்பு: கடற்கரை 2014, 612 படங்கள்
1:48 நீக்கம்: கடற்கரை 2014, 612 படங்கள்

அப்புறம் எதுவும் இல்லை.
பச்சைப் புள்ளி மட்டும் அணையவில்லை.

ஒரு வரிக் கட்டளை.
தட்டியிருந்தால் அவள் திரையில்
வழக்கமான அந்த வாசகம் வந்திருக்கும்:
பராமரிப்பு நடக்கிறது, சற்றுப் பொறுங்கள்.
இந்த நேரத்தில் போய்
விஸ்மாவைப் பொறுக்கச் சொல்ல
நான் யார்?
வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.
பிளாஸ்கில் காப்பி ஆறியிருந்தது.
விசிறியின் சத்தம்.
ஆணியின் சத்தம்.

2:52க்குப் புள்ளி அணைந்தது.

முதல் படி ஏறினேன்.
இரண்டாவதில் ஒரு சிவப்பு வரி,
ஏதோ அட்டவணை காணவில்லை என்றது;
தேடிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டது.
மூன்றாவது, ஆச்சரியம், பேசாமல் ஏறிற்று.
ஐந்து மணிக்கு முகப்பு
புது நீலத்தில் விழித்தது.

போவதற்குமுன் ஒரு அமைப்பை மாற்றினேன்.
குப்பைத்தொட்டியில் கிடப்பதற்கு
முப்பது நாள்தான் ஆயுள்.
தொண்ணூறு என்று போட்டேன், பதினோரு பேருக்கும்.
ஒருத்திக்கு மட்டும் என்றால்
அதுவும் பதிவாகும்.
செயல்பாட்டுப் பதிவுக்கு ஓராண்டு ஆயுள்;
அதை ஒரு நாளாக்கினேன்.
காரணம் கேட்டது பெட்டி.
இடப் பற்றாக்குறை என்று எழுதினேன்.
வட்டில் பாதிக்குமேல் காலி.

பத்து மணிக்கு விஸ்மா வந்தாள்.
கண்ணுக்குக் கீழே கருமை, தலைமுடியில் காற்று.
நிறம் மாறியிருக்கிறதே, என்றாள்,
பழையது எதுவும் போய்விடவில்லையே?
இல்லை, என்றேன்.
நீக்கினதுகூட
தொண்ணூறு நாளைக்கு இருக்கும். எல்லாருக்கும்.
ஓ, என்றாள்.

கோட்டைக் கழற்றாமலே
கொஞ்சநேரம் நின்றாள்.