எண்ணிக்கை

திரியாய்க்கு மேற்கே, மின்கம்பி வரப்போகிற பாதையில்
காலை ஆறு பத்துக்கு நாங்கள் மூன்று பேர்:
புத்திக, ஜவ்பர் காக்கா, நான்.
சூரை முள் என் கைச்சட்டையைப் பிடித்து இழுத்தது.
வீரை மரத்தடியில் சருகு மட்டும்
யாரோ சாக்கை உதறினாற்போல் சரசரத்தது.

புலுனி.

புழுதியில் புரட்டி எடுத்த நிறம்.
அலகு மஞ்சள், காலும் மஞ்சள்,
கண் வெளுத்து
இரவுக் காவல் முடிந்து வந்த ஆளின் கண்.
வால், பின்னல் அவிழ்ந்த மாதிரி.
நடக்காது, தத்தும்.
ஒரு சருகைக் கவ்வி இடப்பக்கம் வீசி
அடியில் கிடந்த கறையானைக்
கழுத்தைச் சரித்துப் பார்க்கும்,
பிறகுதான் தின்னும்.

ஐந்து என்று எழுதினேன்.
ஈச்சம் பற்றைக்குள்ளிருந்து இன்னும் இரண்டு.
அதற்குள் மூன்று அந்தப் பக்கம் போய்
நான்கு இந்தப் பக்கம் வந்தன.
"ஒம்பது போடுங்க தங்கச்சி" என்றார் காக்கா,
"கொப்புல ஒண்டு சும்மா குந்திக்கிட்டு இருக்கு."
அது சும்மா இருக்கவில்லை.
வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படிவத்தில் மூன்று மொழிக்கும் கட்டம் உண்டு.
"சிங்களத்தில் என்ன?" என்றேன்.
புத்திக பேனா மூடியைக் கடித்தான்.
"தெமலிச்சா."
சொல்லிவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்தான்.
தமிழச்சி என்கிற மாதிரி.
கூட்டமாய்த் திரிந்து ஓயாமல் கதைக்குமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பொய் சொல்லக்கூடாது.
என் மச்சாள்மார் நால்வரும்
கன்னியாவில் வெந்நீர் அள்ளி ஊற்றினால்
நிலாவெளிக்குக் கேட்கும்.
அதே நால்வர் பஸ்ஸில்
சோதனைச் சாவடிக்கு ஒரு வளைவு முன்னாலேயே
வாயை மூடிக்கொள்வார்கள். யாரும் சொல்வதில்லை.
கடைசி இருக்கை வரைக்கும்
மூச்சு மட்டும்.

கட்டத்தை நிரப்பினேன். எழுத்துப் பிழை இருந்தது;
அவன் திருத்தவில்லை.

அப்போது கொப்பிலிருந்தது ஒரு சொல் சொன்னது,
கூராக, ஒரே ஒரு தரம்.
சருகு நின்றது.
வல்லூறின் நிழல் பற்றைமேல் வழுக்கிப் போனது.
ஒன்பதும் இல்லை. நாங்களும்
ஏனோ குனிந்திருந்தோம்.

நிழல் போய் வெகுநேரம் கழித்து
ஒன்று தொடங்கியது,
பிறகு எல்லாம் ஒரே நேரத்தில்:
யார் முதலில் கண்டது, யார் யாரை மிதித்தது,
நீ ஏன் அங்கே நின்றாய்.
தொண்டை காய்ந்ததும் ஒரே கொப்பில்
இடைவெளியின்றி நெருங்கி இருந்து
ஒன்றின் பிடரியை ஒன்று கோதின.

இப்போது எண்ண முடிந்தது. பன்னிரண்டு.
பன்னிரண்டாவது புலுனியே இல்லை:
கறுத்த முதுகு, முளைக்கத் தொடங்கிய கொண்டை,
அடங்காத வாய். சுடலைக்குயில் குஞ்சு.
அதற்கும் இரண்டு புலுனிகள் மாறி மாறி ஊட்டின.

"இத எங்க போடுற?" என்று காக்கா கேட்டார்.
புத்திக என்னைப் பார்த்தான், நான் படிவத்தை.

வெட்டின பாதையை ஒவ்வொன்றாய்க் கடந்தன,
நான்கு சிறகடி, பிறகு ஒரு நீண்ட வழுக்கல்.
குஞ்சு மட்டும்
சிவப்பு நாடா கட்டிய அளவை முளையில் நின்றுவிட்டது.
எதிர்ப்பக்கப் பற்றை முழுக்க
அதைக் கூப்பிட்டுக் கத்தியது.