துரு ஏறிய பக்கம்

"சுடுடா" என்று ஹெட்செட்டில் கத்துகிறான் அஸ்கர்.
நான் படகுத்துறைக்கு அடியில் நிற்கிறேன்.
யாரும் வரத் தேவையில்லாத மூலை.
எந்த மிஷனும் இங்கே முடிவதில்லை.

ஆணிக்குக் கீழே துரு வழிந்திருக்கிறது,
கடல் பார்த்த பக்கம் மட்டும்.
அலை விலகினதும் மணல் கறுத்து,
உடனே வெளுக்காமல்
கொஞ்சம் யோசித்து வெளுக்கிறது.
தவணையில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு
மண்டபத்து வெக்கையில் மூச்சு வாங்குகிறது.

பின்னாலிருந்து தோட்டா. செத்தேன்.

விடியலில் ஐஸ் பிளான்ட் ஷிஃப்டுக்குப் போகிற வழியில்
தென்கடல் ஜெட்டியில் வண்டியை நிறுத்தி
ஆணிகளைப் பார்த்தேன்.
கச்சான் அடிக்கிற பக்கம்தான் துரு.

எந்த ஊர்க்காரனோ, எந்த ஊர்க்காரியோ,
பெயர்ப்பட்டியலில் எறும்பெழுத்தாய் ஓடிப்போன ஆளே,
உப்புக்காற்று தின்று பெல் அடிக்காத சைக்கிள் ஒன்று
உன் வீட்டிலும் நின்றிருக்கும்.